சர்க்கரை இனித்தது

அன்று காலை பத்தேகாலுக்குக் கடையில் இருந்தவர்கள்:

ரேணுகாதேவி. கடை அவருடையது. உள் அறையில் தேன் அளந்துகொண்டிருந்தார்.

பஞ்சாட்சரம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயது அறுபத்தாறு. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்.

காரில் வந்த ஒரு கணவனும் மனைவியும். பெயர் கேட்கவில்லை.

நவீன்குமார். அது நான். கடையில் சேர்ந்து ஐந்து வாரம்.

செல்லி இல்லை. மலையிலிருந்து தழையும் வேரும் பட்டையும் எங்களுக்குக் கொண்டுவருபவள் அவள். அவள் அங்கே இருந்திருந்தால் ஜாடியைப் பார்த்தவுடன் தட்டிவிட்டிருப்பாள்.

கடை ஜமுனாமரத்தூரில், பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரில். ஒரு பக்கம் மளிகை, மறு பக்கம் நாட்டு மருந்து. சாமை, புளி, தேன், கடுக்காய், சுக்கு, திப்பிலி, நெல்லிவற்றல். வெளியே பச்சை எழுத்தில் 'இயற்கைப் பொருள்கள்' என்று பலகை. சனி, ஞாயிறுகளில் காரில் வருபவர்கள் அந்தப் பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தேன். பதினான்கு மாதம். ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்தேன், திரும்பிப் போகவில்லை. ஒடுகத்தூரில் வீட்டில் படுத்துக் கிடந்தபோது யாரோ சொல்லி இந்த வேலை வந்தது. காலை பஸ்ஸில் ஏறி வருவேன், ஐந்து மணி பஸ்ஸில் இறங்கிவிடுவேன். செடி கொடி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காய்ந்து நொறுங்கிவிட்டால் எனக்கு எல்லா இலையும் ஒன்றுதான்.

பஞ்சாட்சரம் இருபத்திரண்டு வருடம் இந்த மலைத் தடத்தில் டிக்கெட் கிழித்தவர். இப்போது கண்ணமங்கலத்தில் இருக்கிறார். மாதம் ஒரு முறை மேலே வந்து சாமான் வாங்கிப் போவார். கீழே விற்பதெல்லாம் கலப்படம் என்பது அவர் கட்சி. மேலே விற்பதும் கலப்படம்தான், அதைக் கண்டுபிடிக்கவே தான் இருப்பதாகவும் சொல்வார். சுக்கை ஒடித்து நார் பார்ப்பார். கடுக்காயைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தராசிலேயே வைப்பார்.

"இன்னா ரேணுகா, தேன்ல இன்னிக்கி எவ்ளோ வெல்லம் போட்ட?" என்று உள் அறையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"உங்களுக்குன்னு தனியா நாலு கிலோ போட்டு வெச்சிருக்கேன் கண்டக்டரே" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"போடு போடு. எனக்குத்தான் ஏற்கனவே சர்க்கரை." என் பக்கம் திரும்பினார். "டேய் தம்பி, சிறுகுறிஞ்சான் இருக்குதா? பொடி வேணாம். பொடின்னா எருவைக்கூட அரைச்சிக் குடுப்பீங்க. இலையா எடு."

ஜாடியை எடுத்து முன்னால் வைத்தேன்.

சிறுகுறிஞ்சானைச் சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்குவார்கள். அதை மென்றால் நாக்கில் இனிப்பு செத்துவிடும். பிறகு சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும். அசலா போலியா என்று பார்க்க அதைவிடச் சுலபமான சோதனை இல்லை. ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் பிரிப்பவர் ஒரு இலை மென்று பார்க்க வேண்டும் என்பது கடை வழக்கம்.

காரில் வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதைக் கண்டதும் பஞ்சாட்சரத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சார், இங்க பாருங்க. மேடம், நீங்களும் பாருங்க. இதுல ஒண்ண மென்னுட்டு சர்க்கரைய வாயில போட்டா, வாயி மண்ணாப் பூடும். கூடப் பொறந்த நாக்கே நமக்குத் துரோகம் பண்ணும்."

ஒரு இலையை வாயில் போட்டு நன்றாக மென்றார். விழுங்கினார். நான் காகிதத்தில் கொட்டிய சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"இனிக்குது" என்றார்.

"ஒரு இலை பத்தலையோ என்னவோ" என்றேன்.

இன்னொன்று மென்றார். மறுபடி சர்க்கரை. மூன்றாவதையும் மென்று, விழுங்கி, இந்த முறை ஒரு விரல் நிறையச் சர்க்கரையைத் தொட்டு வைத்தார்.

"இனிக்குதுடா! சர்க்கரை சர்க்கரையாத்தான்டா இருக்குது!" அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மாதா மாதம் தேடியது கிடைத்துவிட்டது. "ஏ ரேணுகா, வெளிய வா. உன் வண்டவாளம் இன்னிக்கி தண்டவாளம் ஏறிடுச்சி."

"நானும் பாக்கறேன்" என்று அந்த மனைவி ஜாடியிலிருந்து ஒரு இலையை எடுத்தார்.

ரேணுகாதேவி தேன் பாட்டிலோடு சிரித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் செல்லி கொண்டாந்த தழைதான். உங்க நாக்குதான் செத்துப்..." ஜாடியைப் பார்த்தார். "இது நேத்து மத்தியானமே காலியா இருந்துச்சே."

"புது மூட்டையில இருந்து போட்டேன்க்கா."

"எந்த மூட்டை?"

"பின்னாடி இருந்தது. நேத்து சாயந்திரம் பிரிச்சேன்."

"வாய் தைச்சிருந்துச்சா, கட்டியிருந்துச்சா?"

என்ன கேள்வி இது என்று நினைத்தேன். "கட்டியிருந்துச்சு. செவப்புத் துணியால."

பாட்டில் அவர் கையிலிருந்து விழவில்லை. மெதுவாக, சத்தமே வராமல் அதை மேசைமேல் வைத்தார். அடுத்த நொடி அந்தப் பெண்ணின் கையில் ஓங்கி ஒரு அடி. உதட்டருகே போயிருந்த இலை தரையில் விழுந்தது. கணவன் "ஹலோ!" என்று முன்னால் வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ரேணுகாதேவி என் சட்டையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துப் போனார். அங்கேதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

செல்லிக்கு எழுதத் தெரியாது. மூட்டையில் பெயர் இருக்காது. வாய்க்குப் போகிற சரக்கு என்றால் மூட்டை வாயை நாரால் தைத்துவிடுவாள். வயலுக்குப் போகிற சரக்கு என்றால் துணியால் கட்டுவாள். மலையில் எல்லாருக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒடுகத்தூர் அடிவாரத்தில் லட்சுமணன் என்பவர் மருந்தடிக்காமல் நெல் போடுகிறார். ஆடு வாய் வைக்காத தழைகளைக் காயவைத்து அவருக்கு அனுப்புவாள் செல்லி. அவர் அதைக் கோமியத்தில் ஊறப்போட்டுப் பூச்சிக்குத் தெளிப்பார். முந்தாநாள் பஸ்ஸில் இரண்டு மூட்டை போட்டதில் எங்களுடையது அவரிடம் போய்விட்டது. அவருடையது இங்கே இறங்கிவிட்டது. நேற்று இரவு எட்டு மணிக்கு லட்சுமணன் போன் செய்திருக்கிறார்: "எனக்கு வந்தது தைச்சிருக்குதும்மா, மாறிப்போச்சி." நான் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே மூட்டையைப் பிரித்து ஜாடியை நிரப்பிவிட்டு பஸ் ஏறியிருந்தேன். மூட்டை பிரிக்காமல்தான் கிடக்கிறது என்று நினைத்து, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று ரேணுகாதேவி விட்டுவிட்டார்.

"அதுல இன்னா தழைக்கா?"

"நொச்சி இருக்கும், எருக்கு இருக்கும்." முந்தானை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒடுவனும் இருக்குதுடா."

ஆளைக் கொல்லும் தழை; எங்கள் பக்கத்தில் இந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டாம். ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நின்று, அதில் ஒருவர் வாயிலிருந்து ஒடுவன் என்ற பெயர் வந்தால், மற்றவர்கள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

"பேரச் சொல்லாத" என்றார். "பயத்துலயே போய்டுவாரு. எதாவது சொல்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்டலாம். வெளிய தெரிஞ்சா கடை இன்னியோட மூடிக்க வேண்டியதுதான். புரியுதா?"

வெளியே வந்தோம். ரேணுகாதேவி சிரிக்க முயன்றார். "கண்டக்டரே, தழை மாறிடுச்சி. கொஞ்சம் சூட்டுத் தழை. எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு ஊசி போட்டுனு வந்துடலாம், வாங்க."

"ஏமாத்துனது நீ, ஊசி எனக்கா?" பஞ்சாட்சரம் காரில் வந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "சூடு தணிய ஒரு எளநீ வாங்கிக் குடு, போதும். எனக்கு நாலு மணிக்கு பஸ்ஸு."

"சொன்னாக் கேளுங்க, வெயில் வேற..."

"எந்த வெயிலு? மலைல எங்கம்மா வெயிலு?" பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். படி இறங்கப் போனார்.

"ஒடுவன் தழைங்க" என்றேன். "நீங்க மென்னது ஒடுவன்."

பஞ்சாட்சரம் முதல் படியில் நின்றார். திரும்பவில்லை. ரேணுகாதேவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. காரில் வந்த பெண் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், விரல்களை விரித்து, தன்னுடைய கை இல்லை என்பது போல.

படியில் நின்றபடியே பஞ்சாட்சரம் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் பண்ணலியே."

அந்தக் கணவன் எங்களை ஏற்றிப்போகத் தன் கார்க் கதவைத் திறந்து, வாந்தி பட்டுவிடும் என்று பின் சீட்டில் செய்தித்தாள் விரிக்கப் போனார். "அதைத் தூக்கிப் போடு" என்று மனைவி கத்தினார். ஜாடியில் இருந்த தழையில் ஒரு கைப்பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ரேணுகாதேவிக்குப் பின்னால் நானும் ஏறினேன். அரசு ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. வழியெல்லாம் பஞ்சாட்சரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வளைவில், "இங்க ஒரு தடவ பிரேக் புடிக்கல" என்றார்.

டாக்டர் காவியாவுக்கு முப்பது வயது இருக்கலாம். ரேணுகாதேவி, "ஏதோ காட்டுத் தழைங்க, தெரியாம மென்னுட்டாரு" என்று ஆரம்பித்தார். நான் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். "ஒடுவன்" என்றேன். "மூணு எலை. ஒரு மணி நேரத்துக்குள்ளதான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கட்டிலில் படுக்கவைத்தார்கள். மார்பில் ஒயர் ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு பாட்டில் ஏறத் தொடங்கியது. தலைமாட்டில் இருந்த பெட்டியில் பச்சைக் கோடு ஓடியது. அதன் மூலையில் இருதயத் துடிப்பு, எழுபத்தெட்டு என்று எண்.

"ஈசிஜி இப்போதைக்குப் பரவாயில்ல" என்றார் டாக்டர்.

"பரவாயில்லன்னா அனுப்புங்க தாயி. நாலு மணிக்கு பஸ்ஸு."

"மூணு இலைதான். ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா அத நம்பி உங்கள அனுப்ப மாட்டேன். இன்னிக்கி நல்லாத்தான் இருப்பீங்க. நாளைக்கும் பேசிக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கலாம். இந்தத் தழை அப்படித்தான். வெளிய ஒண்ணும் காட்டாது. உள்ள ரத்தத்துல உப்பு அளவு எறங்கி, திடீர்னு இருதயத்துல காட்டும். குறைஞ்சது நாலஞ்சு நாள் பாக்கணும். வேலூருக்குப் போகணும்."

"அஞ்சு நாளா? எதுக்கு? எனக்குத் தலைவலிகூட இல்ல!"

அது உண்மை. அவருக்கு ஒன்றும் இல்லை. முகம் தெளிவாக இருந்தது. பசிக்கிறது என்றார். இதைவிட மோசமான நிலையில் ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. கையில் கிழிந்து ரத்தம் கொட்டினால் துணி கட்டலாம். இவர் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு பஸ் நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் போன் பேசப் போனதும் பஞ்சாட்சரம் என்னைக் கூப்பிட்டார்.

"டேய். மூட்டையைப் பிரிச்சா மென்னு பாக்கணும்னு ரேணுகா சொல்லுவாளே. நீ பாக்கலியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாசலில் நின்ற ரேணுகாதேவிகூட எனக்காக ஒரு பொய்யை யோசித்துக்கொண்டிருப்பார்.

"அப்பதான் டீ வாங்கியாந்து வெச்சிருந்தேன். அதை மென்னா டீ இனிக்காது. அதனால மெல்லல."

பஞ்சாட்சரம் என்னையே பார்த்தார்.

"டீக்காடா?" என்றார்.

"ஆமாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாசலிலிருந்து ரேணுகாதேவி உள்ளே வந்து, என்னை அடிக்கக் கையை ஓங்கி, அப்படியே இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் நேத்து நைட்டே உனக்கு ஒரு போன் போட்டிருக்கணும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் இரண்டாவது முறை ஈசிஜி எடுத்தார். அந்தத் தாளை எங்களுக்குக் காட்டவில்லை. முதல் தாளின் பக்கத்தில் வைத்து இரண்டையும் பார்த்தார். பிறகு வெளியே போய், "ஆமா, இப்பவே" என்று யாரிடமோ போனில் சொன்னார். வண்டி வரச் சொல்லியாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார்.

"நான் வரமாட்டேன்" என்றார் பஞ்சாட்சரம். எழுந்து உட்கார்ந்து, மார்பில் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். பெட்டி கீச்சென்று கத்தியது. "இருவத்ரெண்டு வருஷம் இந்த மலையில ஏறி எறங்கினவன் நான். என்ன ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி எறக்குவீங்களா? நல்லா இருக்கறவன புடிச்சி நோயாளி ஆக்கறீங்க. தள்ளுடா."

நான் வழியில் நின்றேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அந்தக் கையில் நல்ல பலம் இருந்தது.

அப்போது செல்லி வந்தாள். ரேணுகாதேவி போன் போட்டதும் யாருடைய பைக்கிலோ ஏறி வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், தோளில் ஒரு ரப்பர் பை. நேராக மேசைக்குப் போய்க் காகிதத்தில் இருந்த தழையைக் கிளறினாள். வட்டமான ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கீழே வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தாள்.

பஞ்சாட்சரத்துக்கு அவளைச் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து தெரியும். புளி மூட்டையோடு அவர் பஸ்ஸில் ஏறுவாளாம்.

"இன்னா செல்லி" என்றார். "புளி மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டதுக்கு இன்னிக்கி பழி வாங்கிட்டியா?"

செல்லி சிரிக்கவில்லை.

"எத்தினி தழைங்கண்ணா?"

"மூணு."

"துப்பினீங்களா, முழுங்கினீங்களா?"

"துப்பினா அது இன்னா டெஸ்ட்டு? முழுங்கினேன்."

செல்லி தலையை ஆட்டினாள். பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"வூட்ல யாரு இருக்காங்க?"

"யாரு... யாரும் இல்ல. மக இருக்கா. கலைவாணி. கணியம்பாடில குடுத்திருக்குது."

"அவங்க நெம்பர் குடுங்கண்ணா. நான் பேசறேன்."

"எதுக்கு?"

செல்லி ரப்பர் பையிலிருந்து போனை எடுத்து, ரேணுகாதேவியிடம் நீட்டி, நம்பர் போட்டுத் தரச் சொன்னாள். காத்திருந்தாள்.

பஞ்சாட்சரம் நம்பரைச் சொன்னார். பாதியில் மறந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னார். சொல்லி முடித்ததும் கட்டிலில் தானாகவே படுத்துக்கொண்டார். நர்ஸ் ஒயர்களை ஒட்டியபோது சட்டையை அவரே தூக்கிப் பிடித்தார். வராந்தாவில் செல்லி போனில் பேசுவது கேட்டது. "அம்மா, நான் மேல மலையில இருந்து பேசறேன். கையில இன்னா வேலை வெச்சிருந்தாலும் கீழ வெச்சிடுங்க." அதற்குமேல் அவர் கேட்காமல் இருக்க நர்ஸ் கதவை ஒருக்களித்தார்.

ஆம்புலன்ஸ் ஒரு மணிக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பஞ்சாட்சரம் தானே காலை நீட்டிப் படுத்தார். கூட ஒருவர் ஏறலாம் என்றார் வண்டியில் வந்த உதவியாளர். ரேணுகாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார்.

"நீ வேணாம்" என்றார் பஞ்சாட்சரம்.

"கண்டக்டரே, நான் வர்றேன். பணம் காசு எதுவா இருந்தாலும்..."

"நீ வேணாம் ரேணுகா. நீ சூட்டுத் தழைம்ப." தலையைத் தூக்கி என்னைத் தேடினார். "அவன் ஏறட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடத்தான் நினைத்தேன். கம்பெனியிலிருந்து எழுந்து வந்த மாதிரி. ஐந்து மணி பஸ்ஸில் ஏறி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டால், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ யாராவது வந்து சொல்வார்கள்.

ஏறினேன்.

உள்ளே மருந்து நெடி. பக்கவாட்டில் ஒரு சின்ன சீட். பெட்டி அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியாது.

"ஏண்டா" என்றார். "அதுல நெம்பர் வருதே, அது எவ்ளோ காட்டுது?"

எழுபத்தெட்டு என்று சொல்லியிருக்கலாம்.

"அம்பத்து மூணுங்க."

"காலைல?"

"எழுவத்தெட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். பிடித்தேன். நன்றாகக் காய்ச்சிப் போன கை, சில்லென்று இருந்தது.

"வேலூரு வரைக்கும் பாத்துனே வா" என்றார். "எறங்க எறங்கச் சொல்லு. மறைக்காத."

உதவியாளர் கீழே நின்று பின்கதவை என் முதுகுக்குப் பின்னால் சாத்தினார். பிடியை வெளியிலிருந்து திருப்பிப் பூட்டினார்.